லைன்மேன்: பந்தைத் தொடாமலே ஒரு பிழைப்பு

லைன்மேன் என்றால் நமக்கு ஈ.பி. லைன்மேன்தான் நினைவுக்கு வருவார். கரண்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. போன அடுத்த நிமிடமே தெருவே அவரைத் தேடும். அமெரிக்க ஃபுட்பாலிலும் லைன்மேன் என்று ஓர் ஆள் உண்டு. பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் பிழைப்பு கிட்டத்தட்ட அதே ரகம். வேலையை ஒழுங்காகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ஒரு தடவை சறுக்கினால் அரங்கத்தில் இருக்கிற எழுபதாயிரம் பேருக்கும் தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு முதலில் கொஞ்சம் அடிப்படை. பெயரில்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். பந்து இரண்டு முனையும் கூராக, நீள்வட்டமாக இருக்கும். களத்தின் நீளம் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ், எதிரில் நிற்பது டிஃபென்ஸ். ஆஃபென்ஸுக்கு நான்கு வாய்ப்பு தருவார்கள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆஃபென்ஸின் மூளை குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று முடிவு செய்பவர் அவர். விளம்பரங்களில் வருபவரும் அவர்தான், அதிகச் சம்பளம் வாங்குபவரும் அவர்தான். டிஃபென்ஸ் ஆட்களுக்கு அவரைக் கீழே சாய்ப்பதைவிடப் பெரிய ஆசை கிடையாது. அப்படிச் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்று பெயர்.

அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் இரண்டு கார்டு, இரண்டு ஓரத்திலும் இரண்டு டேக்கிள். இந்த ஐவர்தான் ஆஃபென்ஸ் லைன்மேன்கள். டிஃபென்ஸிலும் லைன்மேன்கள் உண்டு, ஆனால் அவர்களுடைய தொழில் வேறு: அவர்கள் உடைக்க வருபவர்கள். இந்தக் கட்டுரை தடுப்பவர்களைப் பற்றியது.

விதியே இவர்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. 50 முதல் 79 வரை எண் போட்ட சட்டைதான் இவர்களுக்கு. முன்னோக்கி வீசப்படும் பந்தை இவர்கள் பிடிக்கக் கூடாது. நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வேறு இடத்தில் ஆடும் அபூர்வத் தருணம் மட்டும் விலக்கு. சென்டருக்காவது பந்தைத் தரையிலிருந்து எடுத்துக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுக்கும் வேலை இருக்கிறது. அதற்கு ‘ஸ்னாப்’ என்று பெயர், ஒவ்வொரு வாய்ப்பும் அதில்தான் தொடங்கும். மற்ற நால்வரும் பத்து வருடம் ஆடிவிட்டுப் பந்தைத் தொடாமலே ஓய்வு பெறலாம், ஒன்றும் ஆச்சரியமில்லை.

சரி, என்னதான் செய்கிறார்கள்?

குவார்ட்டர்பேக் பந்தை வீசப் போகிறார் என்றால் அவருக்குத் தேவை இரண்டரை, மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியை வாங்கிக் கொடுப்பதுதான் வேலை. கேட்க எளிது. எதிரே நிற்பவர் 120 கிலோ எடையோடு, ஓட்டப்பந்தயக்காரனின் வேகத்தில் பாய்ந்து வருவார். அவருக்கு எந்தப் பக்கம் போவது என்பது தெரியும், தடுப்பவருக்குத் தெரியாது. அவர் முன்னோக்கி ஓடுகிறார். தடுப்பவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவரை எதிர்கொள்ள வேண்டும். கட்டிப்பிடித்து இழுக்கவும் கூடாது. 1978-ல் விதியைத் தளர்த்தி, கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். அதற்கு முன்பு அதுவும் கிடையாது, கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு தடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே இது வெறும் பலத்தால் ஆகிற காரியமில்லை. கால்தான் முக்கியம். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஸ்னாப் ஆனதும் வெளிக்காலைப் பின்னுக்குத் தள்ளி, நண்டு போலப் பக்கவாட்டில் சறுக்கி நகர்வார். இடுப்பை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும். இடுப்பு வளைந்தால் தலை முன்னே சாய்ந்துவிடும், சாய்ந்த ஆளை எதிராளி கையைப் பிடித்து இழுத்துக் கடந்துவிடுவார். கை எப்போது நீள வேண்டும் என்பது இன்னொரு கலை. சீக்கிரம் நீட்டினால் தட்டிவிடுவார், தாமதித்தால் நெஞ்சில் ஏறிவிடுவார். உள்ளங்கை எதிராளியின் இரண்டு தோளுக்குள்ளே, மார்பில் விழ வேண்டும். வெளியே விழுந்து சட்டையைப் பற்றினால் ‘ஹோல்டிங்’, 10 கெஜம் தண்டனை. ஸ்னாப்புக்கு முன்பே உடம்பு அசைந்தால் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’, 5 கெஜம். அப்போது நடுவர் மைக்கில் “ஆஃபென்ஸ், நம்பர் 73” என்று அறிவிப்பார். பல லைன்மேன்களின் எண் அரங்கம் முழுக்க ஒலிப்பது அப்போது மட்டும்தான்.

ஐந்து இடத்திலும் இடது டேக்கிளுக்குத் தனி மவுசு. வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் பந்தை வீசத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கமாக இருக்கும். அங்கிருந்து வருபவரை அவர் பார்க்கவே மாட்டார். 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தீஸ்மனை நியூயார்க் ஜயண்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்தபோது தீஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. தேசிய தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. தீஸ்மன் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டெய்லர் மாதிரி ஆட்கள் வரத் தொடங்கியதும், அவர்களை நிறுத்தக்கூடிய ஒரு ஆளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று அணிகளுக்குப் புரிந்தது. 1993-ல் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று ஆனபோது, இடது டேக்கிள்களின் சம்பளம் கிடுகிடுவென ஏறியது.

இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஆளை வைத்துப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது ஜோ தாமஸை. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிள், சட்டை எண் 73. இவரைவிடப் புகழ்பெற்ற லைன்மேன்கள் உண்டு. ஆனால் இந்த வேலையின் அருமையும் அபத்தமும் இவரிடம் சேர்ந்திருக்கிற மாதிரி வேறு யாரிடமும் இல்லை.

தாமஸ் 1984-ல் பிறந்தவர், விஸ்கான்சின் மாநிலத்து பிரூக்ஃபீல்டு ஊர்க்காரர். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு நம்மூர் போலக் கிளப் வழி கிடையாது. பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, பிறகுதான் தொழில்முறை. பள்ளியை முடித்து மூன்று வருடமாவது ஆகாமல் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்கில் நுழைய முடியாது. அந்த மூன்று, நான்கு வருடமும் கல்லூரியில்தான். தாமஸ் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, சம்பளம் கிடையாது. லைன்மேனுக்கு இந்தக் காலம் மிக அவசியம், ஏனென்றால் பதினெட்டு வயதில் யாருக்கும் அந்த உடம்பு இருக்காது. உயரமான, ஒல்லியான பையன்களைச் சேர்த்து, எடை தூக்கவைத்து, சாப்பிடவைத்து, மெல்ல மெல்ல அந்த உருவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபுட்பாலோடு குண்டு எறிதல், வட்டு எறிதலும் செய்தார். இது தற்செயலான சேர்க்கை இல்லை. வட்டு எறிபவர் சின்ன வட்டத்துக்குள் பெரிய உடம்பைச் சுழற்றி, சமநிலை தவறாமல் நிற்க வேண்டும். இடது டேக்கிளுக்கு வேண்டியதும் அதேதான். 2006 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில், ஆள் பற்றாக்குறையால் அவரை டிஃபென்ஸிலும் இறக்கினார்கள். முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருடமே தொழில்முறைக்குப் போயிருக்க வேண்டியவர் கல்லூரியிலேயே இன்னொரு வருடம் தங்கினார். அந்த வருடம் நாட்டின் சிறந்த லைன்மேனுக்குரிய அவுட்லேண்டு கோப்பை அவருக்குக் கிடைத்தது.

அடுத்து டிராஃப்ட். 32 அணிகளும் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு இது. மொத்தம் ஏழு சுற்று, சுமார் 250 பேர். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரத்தில் ஒரு வாரம் சோதனை நடக்கும். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி என்று சொன்னால் மிகையில்லை: உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள். 40 கெஜம் ஓடச் சொல்வார்கள். 225 பவுண்டு, அதாவது 102 கிலோ பாரத்தைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுவார்கள். டேக்கிளுக்குக் கை நீளம் அரை அங்குலம் குறைந்தால்கூட, இவரைக் கார்டாக மாற்றலாமா என்று பேச்சு கிளம்பிவிடும்.

2007 டிராஃப்டுக்கு முன்னணி மாணவர்களை நியூயார்க்குக்கு அழைத்தார்கள். கோட் சூட் போட்டு, மேடையேறி, கேமராவுக்குச் சிரிக்க வேண்டும். தாமஸ் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். படகில் இருக்கும்போதுதான் கிளீவ்லாந்து அணி அவரை மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தது. அன்று முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் ஜமார்கஸ் ரசல் என்ற குவார்ட்டர்பேக். மூன்றே சீசனில் லீக்கை விட்டே வெளியேறினார். படகில் இருந்தவர் பதினோரு சீசன் ஆடினார்.

எல்லோருக்கும் கதவு இப்படி அகலமாகத் திறப்பதில்லை. ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர், அதுவும் பந்தோடு ஓடும் இடத்துக்கு. அங்கிருந்து டிஃபென்ஸுக்கு மாறி, பிறகுதான் லைனுக்கு வந்தார். 2011-ல் ஆறாவது சுற்றில், 191-வது ஆளாக ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது. லைன்மேனுக்கு உடம்பு போதாது என்றுதான் பேச்சு. 13 வருடம் அதே அணியில் சென்டராக இருந்து, ஆறு முறை லீக்கின் சிறந்த சென்டராகத் தேர்வானார்.

ஜோர்டன் மைலாட்டாவின் கதை இதைவிட விசித்திரம். சிட்னியில் பிறந்த சமோவா வம்சாவளிக்காரர். அங்கே ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தார். உயரம் 203 செ.மீ., எடை 150 கிலோவுக்கு மேல். ரக்பிக்கு அந்த உடம்பு கொஞ்சம் ஜாஸ்தி. வெளிநாட்டு வீரர்களைப் பழக்கும் என்.எஃப்.எல். திட்டத்தில் சேர்ந்து ஃபிளோரிடாவில் சில மாதம் பயிற்சி எடுத்தார். வாழ்நாளில் ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாமலே 2018 டிராஃப்டின் ஏழாவது சுற்றில் 233-வதாகத் தேர்வானார். அதே ஈகிள்ஸ் அணிதான். முதல் இரண்டு சீசனில் களத்தில் இறங்கவே இல்லை; முதுகுவலி வேறு. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்டுதான் கால் எங்கே, கை எங்கே என்று அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். 2021-ல், முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஒருவரோடு போட்டியிட்டு இடது டேக்கிள் இடத்தைப் பிடித்தார். அந்த செப்டம்பரிலேயே நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் கோப்பையும் வந்தது. இது விதிவிலக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் குவார்ட்டர்பேக் இடத்துக்கு இப்படி ஒருவர் வந்துவிடவே முடியாது, லைனில் நடக்கும். இங்கே உடம்பும் பொறுமையும் நல்ல வாத்தியாரும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மூளை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், நிறையவே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மனப்பாடம் செய்ய வேண்டிய வியூகங்கள் டஜன் கணக்கில் இருக்கும். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரைத் தடுப்பது என்று கடைசி நொடியில் மாற்றுவார்கள். பெரும்பாலும் சென்டர்தான் அதைக் கத்திச் சொல்வார். வெளியூர் அரங்கத்தில் ரசிகர்கள் வேண்டுமென்றே காது கிழியக் கத்துவார்கள், ஒன்றும் கேட்காது. அப்போது கார்டு சென்டரின் தொடையைத் தட்டுவார், சென்டர் தலையை அசைப்பார், அதை வைத்து ஐந்து பேரும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். ஒருவர் கணக்குத் தப்பினால் மற்ற நால்வர் சரியாகச் செய்தும் பலனில்லை. கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் வலது கார்டு லோரன் டுவெர்னே-டார்டிஃப் ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து முடித்தவர். 2020 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டு, கொரோனா வந்ததும் அந்த சீசனை விட்டு விலகி, கனடாவின் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனார்.

சீசனில் இவர்களுடைய வாரம் கிட்டத்தட்ட ஆபீஸ் மாதிரி. ஞாயிறு ஆட்டம். திங்கள் காலை வீடியோ: நேற்று எடுத்து வைத்த ஒவ்வொரு அடியையும் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டி மதிப்பெண் போடுவார். ஆட்டம் ஜெயித்ததா தோற்றதா என்பது அங்கே எடுபடாது. செவ்வாய் பெரும்பாலும் விடுமுறை. உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருக்கும். புதன் முதல் அடுத்த எதிரணிக்கான பயிற்சி. அடுத்த ஞாயிறு எதிரே நிற்கப் போகும் ஆளின் பழைய ஆட்டங்களை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள்: எந்தக் காலில் கிளம்புகிறான், களைத்தால் என்ன செய்கிறான், எந்தத் தந்திரத்தை மூன்றாவது வாய்ப்புக்கு என்று ஒளித்து வைக்கிறான்.

பணம் எவ்வளவு என்ற கேள்வி எல்லோர் மனதிலும் இருக்கும். 2024-ல் புதிதாக வந்தவருக்குக் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 7,95,000 டாலர். டிராஃப்டில் தேர்வானவருக்கு நான்கு வருட ஒப்பந்தம், எத்தனாவது இடம் என்பதைப் பொறுத்துத் தொகை. உச்சியில் இருப்பவர்கள் வேறு உலகம்: டெட்ராயிட் லயன்ஸின் வலது டேக்கிள் பெனே சூவெல் 2024-ல் நான்கு வருடத்துக்கு 11.2 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆனால் செய்தியில் வரும் தொகை முழுவதும் கைக்கு வரும் என்று நினைக்கக் கூடாது. உத்தரவாதமான பகுதி தனி. சூவெலுக்கு அது 8.5 கோடி. மீதி, அணி இவரை வைத்துக்கொண்டால்தான். அடிபட்டாலோ ஆட்டம் குறைந்தாலோ ஒரு காலையில் கூப்பிட்டு அனுப்பிவிடலாம். ஒரு அணியில் 53 பேர். அதில் லைன்மேன்கள் எட்டு, ஒன்பது பேர் இருப்பார்கள். கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர் வீட்டு வாடகையை மாதக் கணக்கில்தான் பேசுவார். லீக்கின் ஓய்வூதியத்துக்கு மூன்று சீசன் கணக்கு வேண்டும், அதை எட்டாமலே போகிறவர்கள் ஏராளம்.

தாமஸுக்கு அந்தக் கவலை வரவில்லை. 2007-ல் முதல் ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பில் இறங்கினார். அதன் பிறகு வெளியே வரவே இல்லை. அணி 30 புள்ளி பின்தங்கி நின்று முன்னணி ஆட்கள் எல்லோரையும் உட்காரவைத்தாலும் இவர் நிற்பார். விரல் பிசகினாலும் முழங்கால் வீங்கினாலும் நிற்பார். பதினோராவது சீசன் வரை, தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப். ஒன்றைக்கூட விடவில்லை. லீக் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து இதற்கு அருகில் யாரும் வந்ததில்லை. முதல் பத்து சீசனும் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

அவர் அணி? முதல் வருடம் 10 வெற்றி, 6 தோல்வி. அப்படியும் பிளேஆஃப் என்னும் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. அதோடு சரி. அதன் பிறகு அவர் இருந்த பத்து சீசனிலும் தோல்விதான் அதிகம். 2016-ல் 16 ஆட்டத்தில் ஒரு வெற்றி, 2017-ல் அதுவும் இல்லை. தாமஸ் வாழ்நாளில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் பாதுகாத்த குவார்ட்டர்பேக்குகள் மட்டும் 20 பேர். ஆள் மாற மாற முன்னால் நிற்பவருக்குத்தான் சிரமம்: ஒருவர் பந்தைச் சட்டென்று வீசிவிடுவார், இன்னொருவர் ஐந்து விநாடி வைத்துக்கொண்டு யோசிப்பார், மூன்றாமவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார். பின்னால் என்ன நடக்கிறது என்று லைன்மேன் திரும்பிப் பார்க்க முடியாது. அவர் எங்கே இருப்பார் என்று ஊகித்துத்தான் தடுக்க வேண்டும்.

வேறு நல்ல அணிக்குப் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அவர் போகவில்லை. அதை விசுவாசம் என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. லைன்மேனின் வேலையில் வெற்றி என்பது ஸ்கோர்போர்டில் இல்லை. எதிரே நிற்பவனோடு முடிந்துவிடுகிற கணக்கு அது. வீசும் பந்துக்காக ஏறக்குறைய 6,700 முறை தடுத்து, 30 முறைதான் தன் ஆளைக் குவார்ட்டர்பேக்கிடம் விட்டார் என்று ஒரு புள்ளிவிவரம் சொல்கிறது. தோற்ற அணியில் இருந்துகொண்டு அவரால் ஜெயிக்க முடிந்தது அப்படித்தான்.

2017 அக்டோபர் 22, டென்னஸி டைட்டன்ஸோடு ஆட்டம். இடது முழங்கைக்கு மேலே பின்தசை கிழிந்தது. வரிசை 10,363-ல் நின்றது. 2018 மார்ச்சில் 33 வயதில் ஓய்வு அறிவித்தார்.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. 1980-களில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த டேக்கிள் என்று பெயரெடுத்த ஆண்டனி முனோஸ் 278 பவுண்டு, அதாவது 126 கிலோ. இன்று அந்த எடையில் டேக்கிளாக ஆள் எடுக்கவே யோசிப்பார்கள். 300 பவுண்டு, 136 கிலோ என்பது சாதாரணம். இது தொந்தி வளர்வதால் வருகிற எடையில்லை. பசியில்லாமல் சாப்பிட்டு, ராத்திரி எழுந்தும் சாப்பிட்டு நிறுத்தி வைக்கிற எடை. இரண்டு வேளை சரியாகச் சாப்பிடாவிட்டால் இறங்கிவிடும். முழங்கால், கணுக்கால், முதுகு எல்லாம் அதைச் சுமக்கின்றன.

தலை அதைவிடப் பெரிய விஷயம். லைன்மேன் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முட்டுகிறார். மயங்கி விழுகிற அடி இல்லை. சின்னச் சின்ன இடி, ஆயிரக்கணக்கில். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர், ‘இரும்பு மைக்’ என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு ஞாபகம் தவறி, வீடு இழந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு அதில் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோயைக் கண்டு 2005-ல் வெளியிட்டார். என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவரிடம் அது உறுதியானது அப்போதுதான் முதல்முறை. லீக் பல வருடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது: தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளையில் 110-ல் இந்த நோய். அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுத்தன, ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று இதை வாசிக்கக் கூடாது. இருந்தாலும் அந்த எண் பயமுறுத்தத்தான் செய்கிறது. இரண்டு நாள் கழித்து, பால்டிமோர் ரேவன்ஸின் லைன்மேன் ஜான் அர்ஷல் 26 வயதில் ஆட்டத்தை விட்டார். அவர் அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்தார். 2021-ல் முடித்து, பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

தாமஸ் ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம் சாப்பாட்டைக் குறைத்தது. நீச்சல், சைக்கிள், அளவான உணவு என்று ஒரு வருடத்துக்குள் இருபது கிலோவுக்கு மேல் இறக்கினார். தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராக வந்து உட்கார்ந்தபோது, இவரா அவர் என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஓய்வு பெற்ற லைன்மேன்கள் பலர் இப்படித்தான் மெலிந்து போகிறார்கள். மெலியாதவர்களுக்கு இதயமும் சர்க்கரையும் தொல்லை கொடுக்கும்.

2023 ஆகஸ்டில், ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரத்தில், இந்த விளையாட்டின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் தாமஸின் வெண்கலத் தலை வைக்கப்பட்டது, தகுதி வந்த முதல் வருடமே. அவர் முன்னால் நின்று காத்த 20 குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர்கூட அங்கே இல்லை.